வடிகட்டிய தண்ணீர்

ஞாயிறு. சமணரின் தசலட்சண நோன்பு தொடக்கம். இன்றைய தருமம்: பொறை.

காலையிலிருந்து காட்டுத்தீப் புகைமூட்டம். எதிர்வீட்டுக் கூரைக்கு அப்பால் ஒன்றும் இல்லை. துணியெல்லாம் ஹாலில் காய்கிறது. தொண்டை கரகரப்பு.

பத்து நாள் நோன்பு எடுத்துக்கொண்டேன். ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்வதற்குள். வெங்காயம், பூண்டு, கிழங்கு, கீரை கிடையாது. தண்ணீர், துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தது மட்டும். இரண்டு வேளை சாமாயிகம்: அசையாமல் உட்கார்ந்து மனத்தைப் பார்ப்பது. நாளுக்கு ஒரு தருமம் படிப்பு. கோபம் கூடாது, பொய் கூடாது. கடைசி இரண்டையும் வருடா வருடம் எழுதுகிறேன்.

பித்தளைப் பார்சுவநாதரைப் புளி போட்டுத் தேய்த்து அலமாரி மேல்தட்டில் வைத்தாயிற்று. எதிர்ச் சுவரில் அத்தையின் மாரியம்மன் படம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை சண்டை இல்லை.

அத்தைக்கு நாசி லெமாக் கடை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, வாழை இலையில் பொட்டலம். மாமா போன பிறகு கு.வையும் (கணவர் குமரன், முழுப்பெயர் எழுதச் சோம்பல்) நாத்தனார் கோமதியையும் படிக்க வைத்தது அந்தச் சம்பல்தான். நான் வந்தவாசிப் பக்கத்துச் சமண வீட்டுப் பெண். நெத்திலி வறுபட்டால் மாடிக்குப் போய்விடுவேன்.

இன்று அத்தையே சொன்னார். "இந்தப் பத்து நாளும் மீனு வேல வீட்டுக்குள்ள வேணாம். நான் வெளிய பாத்துக்கறேன்."

"பரவாயில்ல அத்தை" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே என்றால் எங்கே என்றும் கேட்கவில்லை.

திங்கள். மென்மை. செருக்கு இல்லாமை.

மூட்டம் அப்படியே. பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்களாம். என் கணக்கு டியூஷன் பிள்ளைகள் கைப்பேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், "டீச்சர், டியூஷனும் இல்லதான?"

பிற்பகல் ஊரிலிருந்து சம்பத் மாமா அழைத்தார். ஊர்ச் சமணச் சங்கத்தின் கைப்பேசிக் குழுவை நடத்துபவர். தினமும் மாலை இணையக் கூட்டம். நாளுக்கொரு தருமத்தைப் பற்றி ஒருவர் பேசுவார். புதன்கிழமை பேச இருந்தவருக்குக் காய்ச்சலாம். "சௌசம். தூய்மை. நீ பேசேம்மா. அயல் மண்ணில் நோன்பு காக்கிற பெண் பேசினால் இளைஞர்களுக்கு ஊக்கம்."

ஒரு முறை மறுத்தேன். இரண்டாவது முறை அவர் கேட்பதற்குள் சரி என்றேன்.

கு.வைக் கட்டியபோது இதே குழுவில் என்னவெல்லாம் எழுதினார்கள் என்பதை அம்மா சொல்லித்தான் தெரியும். சங்கத்துக்கு வெளியே, அதுவும் கறி மீன் தின்கிற வீட்டில், கடல் தாண்டி. அப்பா ஒரு வருடம் கோயில் விழாவுக்குப் போகவில்லை. அதே குழுவில் இப்போது நான் பேசப் போகிறேன். சாமாயிகத்தில் உட்கார்ந்தால் பேச்சுதான் ஓடுகிறது. செருக்கு இல்லாமை நாளில்.

பசி: காலையில் கொஞ்சம். பிறகு இல்லை. தலைவலி உண்டு.

செவ்வாய். நேர்மை.

பேச்சு எழுதினேன். நான்கு முறை திருத்தம். 'சேற்றில் மலர்ந்த தாமரை' வேண்டுமா? பழையது. ஆனால் ஊரில் பிடிக்கும். வைத்துக்கொண்டேன்.

வாங்க: துவரம்பருப்பு, பூசணி, நெய், ஊதுபத்தி.

அத்தை சாயங்காலம் கைப்பிடிச் சட்டியோடு பின்வாசல் வழியாக வந்தார். சேலையெல்லாம் எண்ணெய் வாடை. நேரே குளிக்கப் போனார். வழக்கமாகக் குளிக்கும் நேரம் அது இல்லை.

புதன். தூய்மை.

பேசிவிட்டேன்.

நன்றாக வந்தது. எழுதி வைத்ததைவிட நன்றாக. நடுவில் தாளைப் பார்க்கவே இல்லை. எதிரே சின்னச் சின்னச் சதுரங்களில் ஊர்ப் பெரியவர்கள். அம்மா ஒரு சதுரத்தில், நெற்றியும் கூரையும் மட்டும் தெரிய. சதுரங்களில் தலை ஆடுவது தெரிந்தது. அது தெரியத் தெரிய வார்த்தைகள் தாமாக வந்தன.

முடிந்ததும் குழுவில்: "தவக்கொடி." "மலேசியாவில் ஒரு சமண விளக்கு." "பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்." முன்பு எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வராத பெரியம்மா கைகூப்பிய படம் போட்டார். சம்பத் மாமா பதிவை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டார்.

அம்மா அழைத்து அழுதார். "இப்பத்தாண்டி எனக்கு மூச்சு வருது."

அத்தை முன்பே படுத்துவிட்டார். கு. இரவு ஷிப்ட், பாமாயில் ஆலையில். வீட்டில் யாரிடமும் சொல்ல ஆளில்லை. பசி சுத்தமாக இல்லை.

வியாழன். சத்தியம்.

காலை எழுந்ததும் மேசைமேல் என் செம்பு, மூடி போட்டு. வழக்கம்போல. அத்தை கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆற வைத்து மூடிவிட்டுப் போகிற தண்ணீர். இதற்கென்றே தனிப் பாத்திரம் பசாரில் வாங்கி வைத்திருக்கிறார். வடிகட்டும் துணியைத் தினம் துவைத்துத் தனிக் கயிற்றில் போடுகிறார். நான் கேட்டு அல்ல. நான் வந்த முதல் வருடமே என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பாதி குடித்த பிறகு நினைவு வந்தது.

நேற்று நான் சொன்ன வாக்கியம்: "இந்த வீட்டில் நோன்பு நாட்களில் நான் யார் கையாலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்குவதில்லை."

தாளில் இல்லாத வாக்கியம். எங்கிருந்து வந்தது? முந்தைய வரியில் ஒரு தலை ஆடியது, அடுத்த வரி அதைவிடப் பெரிதாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இன்று சத்தியம் பற்றிப் படிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தேன். மூடினேன்.

பரவாயில்லை, யாருக்குத் தெரியும், ஊரில் இருப்பவர்கள் கேட்டது, அத்தை இதையெல்லாம் பார்ப்பதில்லை என்று எழுத வருகிறது. எழுதிவிட்டேன். எழுதியதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளி.

எந்தத் தருமம் என்று எழுத மனமில்லை.

மதியம் டியூஷன் வினாத்தாள் அச்செடுத்துக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து ஒரு பெண் குரல். மேடைத் தமிழ். நிறுத்தி நிதானமாக. யாரோ வானொலியில் சொற்பொழிவு என்று நினைத்தேன். இரண்டு வாக்கியம் கழித்துத்தான் என் குரல் என்று தெரிந்தது.

அத்தை முக்காலியில் உட்கார்ந்து வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பேசி மாவு டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தது. கோமதி அனுப்பியிருக்கிறாள். ரவாங்கில் அவள் வேலை செய்கிற தொழிற்சாலையில் யாரோ அவளுக்குக் காட்டியது. "இது உங்க அண்ணி மாதிரி இல்ல?"

நான் வாசலில் நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. இருவரும் கேட்டோம்.

பேசியது நான்தான், இங்கே எழுதிவிடுகிறேன். மறந்துவிட்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள முடியாமல் இருக்கட்டும்.

"என்னைச் சுற்றிக் கவிச்சி நாறும் அடுப்படி. நான் அந்தச் சேற்றில் ஒரு தாமரையாக இருக்க முயல்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள். நல்லது கெட்டது சொல்லித்தர ஆளில்லாமல் வளர்ந்தவர்கள். அறியாமைக்கு நாம் இரங்க வேண்டும்."

பிறகு அந்தத் தண்ணீர் வாக்கியம்.

அத்தை கையிலிருந்த இலையைத் துடைத்து முடித்தார். அடுக்கில் வைத்தார். இன்னொன்று எடுத்தார்.

"கவிச்சி வாடை அடிக்குதுதான்" என்றார். "மீனு சாப்புடறோம், அத சொன்னா சரி. எங்கப்பா அம்மாவ ஏன் இழுத்த?"

நான் ஏதோ சொன்னேன். அந்த அர்த்தத்தில் இல்லை என்றோ, பேச்சு வேகத்தில் என்றோ.

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவுனவரு. எங்களுக்கு ஒரு நாளும் பொய் பேச சொல்லித்தரல."

சத்தம் போடவில்லை. அடுத்த இலை.

மேலே போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடும் நேரம் தாண்டி, பொழுது சாய்ந்துவிட்டது. இன்றைக்கு உணவு இல்லை. இதை உபவாசம் என்று எழுத மாட்டேன்.

சனி.

சின்ன மழை. மூட்டம் கொஞ்சம் விலகல்.

அத்தை கடை போடவில்லை. கோமதி கல்யாணத்துக்கு மட்டும்தான் இதற்கு முன் மூடியது. பையில் இரண்டு சேலை, மருந்து, கண்ணாடி. கு. காரை எடுத்தார்.

"அத்தை, எங்க போறீங்க?"

"கோமதி வீட்டுக்கு. நீ நோன்ப முடி. நான் இருந்தா ஒனக்குக் கஷ்டம்."

"நான் தப்பு பண்ணிட்டேன் அத்தை."

"முடி, முடி. பாதில வுட்டா நல்லதில்ல."

வாசல்படியில் நின்று சமையலறைப் பக்கம் கை காட்டினார். "அந்த வடிகட்டற துணி கொடியில காயிது. மழ வருது, எடுத்துக்க."

கு. திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றினார், விசிறியைப் போட்டார். பிறகு: "நானும் அந்த வீடியோவ பாத்தேன். நீ என்னப் பத்தி பேசியிருந்தா நான் சிரிச்சிட்டு வுட்டிருப்பேன்." அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

ஞாயிறு. தியாகம், அல்லது தவம். கணக்குத் தப்பிவிட்டது.

வீடு சுத்தம். எங்கும் வாடை இல்லை. மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயத் தோல்கூட இல்லை. நான் கேட்ட வீடு. கு. வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

தண்ணீர் நானே வடிகட்டினேன். துணியை எப்படி மடிப்பது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது. ஊரில் அம்மா செய்தார், இங்கே அத்தை செய்தார். நான் நோன்பு இருந்தேன், அவ்வளவே.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, காக் ஜைனாப் (காக் என்றால் அக்கா), வேலிக்கு மேலே ஒரு வாணலியை நீட்டினார். "ராஜம்மாவுடையது. நேற்று எடுக்க வரவில்லையே, உடம்புக்கு என்ன?" அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அத்தை நெத்திலி வறுத்தது அவர் வீட்டுப் பின்புறம், மூட்டத்தில், தகரக் கொட்டகையில். காக் ஜைனாப் உள்ளே வந்து வறுக்கச் சொன்னாராம். மற்றவர்கள் வீட்டை நாறடிக்கக் கூடாது என்று அத்தை வெளியிலேயே நின்றாராம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மகளைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். மகளைப் பார்க்கப் போனது உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்ல எனக்கு நன்றாக வருகிறது.

நோன்பைவிட்டு எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அதுவும் ஒரு காட்சிதான். பாருங்கள், உங்களுக்காக நோன்பையே விட்டேன் என்று. வேண்டாம். தொடர்கிறேன்.

வீட்டில் எண்ணெய் தீர்ந்தது. சிலிண்டர் சொல்ல வேண்டும்.

செவ்வாய். பத்தாம் நாள்.

முடிந்தது. நோன்பு திறக்கும் பாரணை நாளைக் காலை. குழுவில் ஊர்க்கோயில் அபிஷேகம் நேரடியாகக் காட்டினார்கள். பால், இளநீர், சந்தனம். பார்த்தேன். கை கூப்பினேன். நடுவில் யாரோ எழுதினார்கள்: "நம் தாமரையும் விரதம் நிறைவு செய்திருப்பார்."

சௌசம் பற்றி இன்று மறுபடி படித்தேன். பேசுவதற்கு முன் படித்திருக்க வேண்டியது. அது பாத்திரத்தின் சுத்தம் இல்லை, அடுப்பின் சுத்தமும் இல்லை. ஆசை அற்றிருப்பது. பொருளுக்கு மட்டுமல்ல, புகழுக்கும். ஒரே பத்தி, தெளிவாக இருக்கிறது. இதைத் தாண்டித்தான் தாமரைக்குப் போயிருக்கிறேன்.

வியாழன். மன்னிப்பு நாள்.

காலையிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. "அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுத்தருள்க." தாமரைப் படம், மயில்பீலிப் படம். நானும் பதில் அனுப்பினேன், பெயரை மாற்றி மாற்றி. பேசியே பல வருடமான சித்தப்பா மகனுக்கு, பழைய வகுப்புத் தோழிக்கு, எந்தப் பிழையும் செய்திராத ஆட்களுக்கெல்லாம். சுலபமாக இருந்தது.

பிறகு ரவாங்குக்குக் கிளம்பினேன். கு. கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ்ஸில். இரண்டு பஸ். வழியெல்லாம் செம்பனை, பாமாயில் மரங்கள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல வாக்கியம் ஒன்று அமைந்தது. உடனே அதைத் தூக்கிப் போட்டேன்.

கோமதி கதவைத் திறந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த சீருடையில். "வாங்கண்ணி" என்றாள், சிரிக்காமல். சோபாவில் உட்கார்ந்தேன். ஒரு தம்ளரைக் கொண்டுவந்து முன்னால் நின்றாள்.

"தண்ணி குடிப்பீங்களாண்ணி, எங்க கையால?"

வாங்கிக் குடித்தேன். முழுவதும். அதுவும் நாடகம் மாதிரிதான் இருந்தது, அவளுக்கும் எனக்கும். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். மெலிந்த மாதிரி தெரிந்தது. இல்லை, கடை வேலை இல்லாமல் கை சும்மா இருந்தது, அதனாலோ என்னவோ.

எழுந்தேன். "அத்தை, என்னை மன்னிச்சிருங்க."

அத்தை உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னிக்கு ஒங்க மதத்துல மன்னிப்பு கேக்கற நாளுதான?"

"ஆமாங்க அத்தை."

"வருஷா வருஷம் நீ என் கால்ல வுழுவியே, அந்த நாளு."

"ஆமா."

"அப்ப இன்னிக்கு வேணாம்" என்றார்.

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ கேட்டா நான் சரின்னுதான் சொல்லணும். சொல்லிட்டா ஒனக்கு முடிஞ்சிரும். எனக்கு முடியல சுமதி." பிறகு: "அதுவும் என்கிட்ட கேட்டு என்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே, தண்ணி யாரு வச்சான்னு. தெரியாதவங்கதான அங்க ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க."

பஸ் நிலையம் வரை கோமதி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது, "அம்மா ராத்திரியெல்லாம் அதையே போட்டுப் போட்டுக் கேக்குறாங்க" என்றாள். முதலில் புரியவில்லை. அந்தப் பதிவைச் சொல்கிறாள்.

வெள்ளி.

நல்ல வெயில். துணி காய்ந்தது.

சம்பத் மாமாவை அழைத்தேன். குழுவில் பேச ஐந்து நிமிடம் கேட்டேன். காரணம் சொன்னேன். முழுக்க.

அவர் நல்லவர். வருத்தப்பட்டார். பிறகு: "குடும்ப விஷயம்மா. சங்கத்தில் எதற்கு? அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது."

"வெட்டுனா நான் சொல்லாத மாதிரி ஆயிடும் மாமா."

"அதுதானே நல்லது?"

கூட்டங்கள் முடிந்துவிட்டன, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அதனால் குரல் பதிவாகவே போட்டேன்.

முதல் முறை பதிந்தபோது அழுகை வந்தது. கேட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அழித்தேன். இரண்டாவது முறை சமையலறையில் நின்று, கடைக்குப் பொருள் சொல்வது மாதிரி:

"நான் சுமதி. தூய்மை நாளில் பேசியதில் பொய் சொன்னேன். இந்த வீட்டில் யார் கையாலும் தண்ணீர் வாங்குவதில்லை என்றேன். என் நோன்புக்குத் தினமும் தண்ணீர் வடிகட்டிக் கொதிக்க வைத்துத் தந்தவர் என் மாமியார் ராஜம்மா. அவருடைய அப்பா அம்மாவைப் பற்றிப் பேசினேன். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்கள் வளர்த்தவரைத் தெரியும். நான் சொன்னது தவறு. என்னைத் தாமரை என்று யாரும் எழுத வேண்டாம்."

அனுப்பினேன். கைப்பேசியைக் குப்புற வைத்துவிட்டுச் சாம்பார் வைத்தேன். உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

பிறகு பார்த்தேன். நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு கைகூப்பு. பெரியம்மா குழுவை விட்டு வெளியேறியிருந்தார். வேறொருவர் யாருடையதோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டார், அதற்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்ல, என் பதிவு மேலே ஏறிக் கண்ணிலிருந்து மறைந்தது. அவ்வளவுதான் நடந்தது. நான் எதிர்பார்த்தது இதைவிடப் பெரிய தண்டனை. அதை எதிர்பார்த்ததும் ஒரு பேராசை.

அம்மா அழைத்தார். "ஊரு வாயி இப்பத்தான் அடங்குச்சி. நீயே தொறந்து வுட்டுட்டியேடி. உங்கப்பா வெளிய போவாம ஒக்காந்துகினு இருக்காரு."

"பொய் சொன்னேம்மா."

"யாருதான் சொல்லல? அதப் போயி மைக்குல சொல்லுவாங்களா?"

அப்பாவிடம் பேசவேண்டும் என்றேன். அவர் தூங்குகிறார் என்றார் அம்மா. ஊரில் அப்போது காலை பத்து மணி.

கு. வேலை முடிந்து வந்து பதிவைக் கேட்டார். சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார். "உப்பு" என்றார். மறுபடி ஊற்றிக்கொண்டார்.

திங்கள்.

அத்தை வந்துவிட்டார். யாரும் அழைத்து வரவில்லை. பஸ்ஸில், தானாக. டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பையோடு உள்ளே நுழைந்தவர், பிள்ளைகளைப் பார்த்து, "படிங்க படிங்க" என்று சமையலறைக்குப் போனார். பிள்ளைகள் போகும்வரை எனக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை.

உள்ளே போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"கடத் தெரு ஆளுங்க போன் மேல போன். எப்ப தொறப்பீங்க, எப்ப தொறப்பீங்கன்னு. ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணு ரொட்டிய தின்னு வயிறு காயிதாம்."

"ஆமாங்க அத்தை."

நான் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"ஏதோ பேசுனியாம்."

"ஆமா."

"கோமதி போட்டுக் காட்டுனா." அடுத்த மூடியை எடுத்தார். "சளி புடிச்ச கொரலு மாதிரி இருந்துச்சு. மூட்டத்துல வெளிய சுத்தாத."

"அத்தை, இன்னிக்கு ஒண்ணும் விசேஷ நாள் இல்ல" என்றேன். "இன்னிக்கு கேக்கறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. துருவியில் ஒட்டியிருந்த தேங்காயை விரலால் வழித்தார்.

"கேட்டுட்டல்ல. போயி அந்தப் பெரிய சட்டிய கழுவு."

கழுவினேன். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் கூடாது என்று தெரிகிறது. நெத்திலியை எங்கே வறுக்கப் போகிறீர்கள் என்றேன். "நோன்புதான் முடிஞ்சிருச்சே, இங்கதான்" என்றார். நான் மாடிக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். கண் எரிந்தது. வாடை பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. அது பொய் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாளைக் கடைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீயா? மீனத் தொடுவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் வந்து என்னா பண்ணுவ?"

"வெள்ளரிக்கா நறுக்கறேன். காசு வாங்கிப் போடறேன்."

யோசித்தார். "சம்பல் பக்கம் நான் நின்னுக்கறேன். நீ அந்தக் கடைசில நில்லு."

செவ்வாய்.

விடியும்போதே கடையில். மூட்டம் இல்லை, ஆற்றுப் பக்கமிருந்து காற்று. மடக்கு மேசை, குடை, சோற்று டப்பா, சம்பல் சட்டி. மேசையின் கடைசியில் எனக்கு ஒரு பலகை, ஒரு கத்தி. மெல்லிசாக நறுக்கச் சொன்னார். நறுக்கியது தடிமன் என்று பாதியை அவரே மறுபடி நறுக்கினார்.

அத்தையின் கை வேகம் இதுவரை பார்த்ததில்லை. இலை, சோறு, சம்பல், முட்டை, மடிப்பு. பேசிக்கொண்டே. ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்காமலே போடுகிறார். லோரிக்காரருக்கு இரட்டைச் சம்பல். நர்ஸ் பெண்ணுக்கு முட்டை இல்லாமல். எல்லோரும் கேட்டது ஒன்றே: "எங்கக்கா போனீங்க இத்தன நாளு?"

"மக வீட்டுக்கு" என்றார் எல்லோரிடமும்.

யாராவது என்னைப் பார்த்தால் நான் வெள்ளரிக்காயைப் பார்த்தேன்.

ஏழு மணி வாக்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். அத்தையின் பழைய வாடிக்கை. காசை நீட்டியவர் என் முகத்தையே பார்த்தார். கை பாதியில் நின்றது.

"ராஜம்மாக்கா, இவுங்கதான அந்த வீடியோவுல பேசுனது? தோட்டத்து ஆளுங்கள பத்தி..."

பின்னால் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஆமாம், நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அத்தை தலை நிமிரவில்லை. இலையில் சோற்றை வைத்துத் தட்டினார்.

"என் மருமவ. ஒங்களுக்கு ரெண்டு பொட்டலமா டீச்சர், மூணா?"